அனுமதியின்றி நுழைந்தவர் என்று எழுதப்பட்ட என் கணவர் குறித்து

அனுப்புநர்:
குளிர்கிடங்கு விபத்தில் இறந்தவரின் மனைவி,
கிடங்கின் பின்மதிலை ஒட்டிய தெரு,
மாடிப்படிக்குக் கீழ் உள்ள வீடு.

பெறுநர்:
உயர்திரு தொழிற்சாலைகள் ஆய்வு அதிகாரி அவர்கள்,
ஆய்வு அலுவலகம், இரண்டாவது மாடி.

பொருள்: பழக் குளிர்கிடங்கில் நடந்த அமோனியா கசிவு – விசாரணை அறிக்கையின் நான்காம் பக்கத்தில் என் கணவரைப் பற்றி உள்ள மூன்று வரிகளைத் திருத்தித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இந்த மனுவை நானே எழுதுகிறேன். என் மகள் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தாள். வார்த்தையை மாற்ற நான் விடவில்லை. முதலில் தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரிடம்தான் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் "கைவிடப்பட்ட ஏழை விதவை" என்று எழுத ஆரம்பித்துவிட்டார். நான் அதற்காக வரவில்லை என்று சொல்லி, வெற்றுக் காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். ஆகவே மனு கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் தாங்கள் பொறுத்தருள வேண்டும்.

2. அறிக்கையில் உள்ள மூன்று வரிகள் இவை. "உதவியாள் ஒருவர் அனுமதியின்றி இயந்திர அறைக்குள் நுழைந்துள்ளார்." "பயிற்சி இல்லாத காரணத்தால் இயந்திரத்தைப் பதினான்கு நிமிடம் நிறுத்தாமல் ஓடவிட்டுள்ளார்." "கிடங்கு உரிமையாளரும் சான்று பெற்ற இயக்குநருமானவர் விரைந்து செயல்பட்டுக் கசிவைக் கட்டுப்படுத்தினார்." மூன்றாவது வரிக்காக உரிமையாளருக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்திருக்கிறீர்கள். முதல் இரண்டு வரிகளுக்காக என் கணவருக்கு உரிய இழப்பீடு இல்லை என்று கடிதம் வந்திருக்கிறது. கடிதத்தை மகள்தான் படித்துக் காட்டினாள். "அனுமதியின்றி" என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். மீதியை நான் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டேன்.

3. ஐயா, அந்த அறைக்குள் என் கணவர் பதினாறு வருடம் போயிருக்கிறார். காலை ஆறு மணிக்குப் போவார். விடுப்பு நாள் தவிர ஒரு நாளும் தவறியதில்லை. ஆனால் சம்பளப் பதிவேட்டில் அவர் "பொது உதவியாள்" என்றுதான் இருக்கிறார். காரணம் சிறியது. குளிர் இயந்திரத்தை ஓட்டுகிறவருக்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் வேண்டுமானால் பத்தாம் வகுப்பு முடித்து, எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். அவர் படித்தது ஆறு. முதலாளி படித்தவர். அவர் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கி, சட்டம் போட்டு இயந்திர அறைச் சுவரில் மாட்டினார். "நீ வேலையப் பாரு, பேப்பரை நான் பாத்துக்கறேன்" என்றாராம். அந்தப் பேச்சுப்படியே பதினாறு வருடமும் நடந்தது. ஒருவர் பேப்பரைப் பார்த்தார், ஒருவர் வேலையைப் பார்த்தார். இருவரும் ஒருவரையொருவர் ஏமாற்றவில்லை. ஏமாந்தது தங்கள் அலுவலகம் மட்டும்தான் என்று சொல்வதற்கு மன்னிக்க வேண்டும்.

4. தங்கள் அலுவலகத்திலிருந்து வருடம் ஒருமுறை ஆய்வுக்கு வருவார்கள். அன்று முதலாளி சலவை செய்த நீலச் சட்டை போட்டு மெஷின் பக்கத்தில் நிற்பார். என் கணவர் கையில் துடைப்பத்தைக் கொடுத்து ஜன்னலுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். அன்று வீட்டுக்கு வந்தால் எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். "இன்னிக்கு மொதலாளிக்குப் பரீட்சை. ஐயா எந்த வால்வுன்னு கேக்கறாரு, இவரு என்னையப் பாக்கறாரு. நான் பெருக்குற மாதிரியே போயி துடைப்பத்தால காட்டறேன். பாஸாயிட்டாரு!" என்பார். அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது. அப்படி வெளியே நிற்பதும் ஒரு நாள் எழுத்தில் ஏறும் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. இது எங்களுடைய தவறு. இதை நான் மறைக்கவில்லை.

5. இன்னொரு தவறும் என்னுடையது. அவர் என்ன வேலை செய்கிறார் என்று எனக்கே தெரியாது. கேட்டால் "மெஷின் ஓடும், நான் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன்" என்பார். "உக்காந்திருக்கறதுக்கு ஒரு சம்பளமா? நான் நின்னுக்கிட்டே நாலு வீட்டுப் பாத்திரம் தேய்க்கிறேன்" என்று குத்திக் காட்டியிருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "காதை வாடகைக்கு விட்டிருக்கேன், வேற என்னத்தைச் சொல்ல" என்பார். மகளின் பள்ளிக்கூடப் படிவத்தில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் "உதவியாள்" என்று நானே எழுதிக் கொடுத்தேன்.

6. அவர் இறந்த பதினாறாம் நாள், அவருடைய சட்டையையும் சாப்பாட்டு டப்பாவையும் வாங்கிப் போகச் சொல்லி அனுப்பினார்கள். அன்றுதான் அந்த அறைக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தேன். ஐயா, வெளியே கொதிக்கிற வெயில். உள்ளே என் தொடைப் பருமன் குழாய்கள், அவற்றின் மேல் விரல் கனத்துக்கு வெள்ளையாகப் பனி. இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டது போல் மெஷின். காலுக்குக் கீழே தரை அதிர்கிறது. அந்த அதிர்வு முழங்கால் வரை ஏறுகிறது. பழுது பார்க்க வந்திருந்த மெஷின் கம்பெனி மெக்கானிக் ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அதன் முனையை இரும்பில் வைத்து, கைப்பிடியை என் காதில் வைக்கச் சொன்னார். "அவரு இப்படித்தான் கேப்பாருக்கா" என்றார். வைத்தேன். தகரக் கூரையில் அடைமழை பெய்கிறபோது, உள்ளே ஒரு ஆள் நிதானமாக நடப்பது போல் ஒரு சத்தம். "அந்த நடை இருக்குல்ல, அது நொண்டக் கூடாது. நொண்டுனா வால்வு உடையப் போவுதுன்னு அர்த்தம். உங்க வீட்டுக்காரரு ரெண்டு நாள் முன்னாடியே சொல்லிருவாரு. நாங்க வந்து பிரிச்சுப் பார்த்தா அப்படியே இருக்கும். எங்க கம்பெனி இன்ஜினியருங்க இவருக்குப் போன் போட்டுக் கேப்பாங்க" என்றார். மழையைக் கேட்டேன், நடையைக் கேட்டேன். நொண்டுகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அறையில் எவ்வளவு நேரம் நின்றேன் என்றும் தெரியவில்லை. இருபது வருடம் கூட வாழ்ந்த மனிதரைப் பார்த்து வாயடைத்துப் போவது எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். பார்க்கத்தான் அவர் இல்லை.

7. இனி விபத்து நடந்த விதம். அன்று உள்ளே இருந்தவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டு எழுதுகிறேன். நான் பார்த்ததாகச் சொல்லவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்து மூன்றரை மணிக்கு மேல். பழம் தரம் பிரிக்கும் பெண்களும் லோடு ஏற்றுகிறவர்களுமாக முப்பத்தொரு பேர் உள்ளே. இயந்திர அறைக்கு வெளியே, நடைபாதைக்கு மேலே போகிற குழாயின் இணைப்பு பிளந்துவிட்டது. அமோனியா நாற்றம் தங்களுக்குத் தெரிந்திருக்கும். கண்ணும் தொண்டையும் தீப்பிடித்தது போல் எரியும் என்கிறார்கள். என் கணவர் முதலில் செய்தது இரும்புக் கம்பியால் குழாயில் மூன்று தட்டு தட்டியது. மூன்று தட்டு என்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓட வேண்டும். வாசலில் கம்பத்தில் கட்டிய துணி எந்தப் பக்கம் பறக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். இது சட்டத்தில் இருக்கிறதோ இல்லையோ, அவர் வைத்திருந்த வழக்கம். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி தட்டி, எல்லாரையும் ஓடவிட்டுப் பார்ப்பாராம். "வந்துட்டாருய்யா டிராமா டைரக்டரு" என்று கேலி செய்துகொண்டே ஓடுவார்களாம். அன்றைக்கும் சிலர் சிரித்துக்கொண்டே எழுந்திருக்கிறார்கள். இரண்டடி வைத்த பிறகுதான் சிரிப்பு நின்றது. முப்பது பேர் தாமாகவே வெளியே வந்து சேர்ந்தார்கள்.

8. என் கணவர் அறையை விட்டு வரவில்லை. தொட்டியின் வாயில் இருக்கிற பெரிய வால்வை மூடினார். பிறகு மெஷினை ஓடவிட்டுவிட்டு அதன் முன்னால் நின்றார். இந்தப் பதினான்கு நிமிடத்தைத்தான் அறிக்கை குற்றம் என்கிறது.

மெக்கானிக் எனக்கு விளக்கியதை, நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். தவறு இருந்தால் தாங்கள் அவரையே கூப்பிட்டுக் கேட்கலாம். மெஷினை உடனே நிறுத்தியிருந்தால், குழாய் முழுக்க இருக்கிற வாயு அந்தப் பிளவு வழியாகக் கொட்டிக்கொண்டே இருந்திருக்கும். தொட்டியை மூடிவிட்டு மெஷினை ஓடவிட்டால், அது குழாயில் இருப்பதையெல்லாம் உறிஞ்சித் தொட்டிக்குள்ளேயே அடைத்துவிடும். மீட்டர் முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் பூஜ்யத்துக்கு வரும். வந்த நொடியில் நிறுத்த வேண்டும். முன்னால் நிறுத்தினால் வாயு மிச்சம் இருக்கும். பின்னால் நிறுத்தினால் வெளிக்காற்றை இழுத்துக்கொண்டு வேறு ஆபத்து. ஆகவே யாராவது ஒருவர் நின்று முள்ளைப் பார்க்க வேண்டும். "இது புஸ்தகத்துல இருக்குக்கா. ஆனா கண்ணு எரியறப்ப, மூச்சு முட்டறப்ப, புஸ்தகம் எவனுக்கு ஞாபகம் வரும்? நானா இருந்தா சுவிட்சைத் தட்டிட்டு ஓடியிருப்பேன். தெருவுக்கு அந்தாண்ட பள்ளிக்கூடம் விடுற நேரம் வேற" என்றார் அந்த மெக்கானிக். இருபத்தைந்து வருடம் இதே மெஷின்களைப் பிரித்து மாட்டுகிறவர் அவர்.

விபத்துக்குப் பிறகு அந்த மெக்கானிக் முதலில் உள்ளே போனபோது முள் பூஜ்யத்தில் நின்றதாம். மெஷின் நின்றிருந்ததாம். அதை நிறுத்தியது வேறு யாரும் இல்லை. நிறுத்திய பிறகுதான் என் கணவர் விழுந்திருக்கிறார். வேலையை முடித்துவிட்டு விழுந்திருக்கிறார், ஐயா. பதினான்கு நிமிடம் என்பதைப் புரிந்துகொள்ள, ஒரு நாள் கடிகாரத்தின் முன்னால், அவர் கட்டியிருந்தது போலவே ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். எங்கள் வீட்டில் வாயு இல்லை, சும்மா காற்றுதான். ஆறாவது நிமிடத்தில் துணியை எடுத்துவிட்டேன்.

9. முதலாளியைப் பற்றியும் நியாயமாக எழுத வேண்டும். கிடங்கில் முகமூடி ஒன்றுதான் இருந்தது. அதை அவர் மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடவில்லை. உள்ளே போய், மூன்றாம் அறையில் மயங்கிக் கிடந்த ஒரு பெண்ணைத் தோளில் தூக்கி வந்தார். அவருக்கு வயது அறுபத்திரண்டு. அதற்காகத் தாங்கள் பத்திரம் கொடுத்திருந்தால் நானே கைதட்டியிருப்பேன். இரண்டாவது முகமூடி ஏன் வாங்கி வைக்கவில்லை என்பது தனிக் கேள்வி. அதை அவரிடமும் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டும் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். "அம்மா, நான் ஜன்னல்கிட்ட நின்னு மெஷினை நிறுத்து, நிறுத்துன்னு கத்தினேன். அவர் கையை ஆட்டி, நீங்க போங்கன்னாரு. பதினாறு வருஷத்துல எனக்கு அவர் போட்ட மொத ஆர்டர்மா அது" என்றார். ஐயா, சான்றிதழ் உள்ளவர் நிறுத்து என்றார், சான்றிதழ் இல்லாதவர் கூடாது என்றார். எது சரி என்று முள் சொல்லிவிட்டது.

10. முதலாளி பெரியவரா தொழிலாளி பெரியவரா என்று தீர்ப்புக் கேட்டு நான் இந்த மனுவை எழுதவில்லை. கிடங்கு கட்டும்போது அவர் குடியிருந்த வீட்டை அடமானம் வைத்தார். மின்சாரம் போன நாட்களில் தூக்கமில்லாமல் ஜெனரேட்டருக்கு அலைந்தார். அவர் இல்லையென்றால் அந்த மெஷினே அங்கே இல்லை. என் கணவர் எதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்? அதே நேரம், என் கணவர் இல்லாத முதல் வாரத்தில் நான்கு அறைப் பழமும் அழுகிப் போனதைத் தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. இருவரும் வேண்டும். எனக்குப் புரியாதது இதுதான்: இருவரும் வேண்டுமென்றால், லாபமும் பெயரும் பத்திரமும் ஒருவர் பக்கம் போய், உதவியாள் சம்பளமும் அனுமதியின்றி என்ற சொல்லும் மட்டும் மற்றவர் பக்கம் வந்தது எப்படி? முதலாளி அவருக்குத் தனியாக உறையில் கொஞ்சம் கொடுத்து வந்தார் என்பது உண்மை. அது அவர் மனசு. என் கணவர் செய்த வேலைக்கு அது கூலியாக எங்கேயும் எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் இன்று அவர் யார் என்று நான் நிரூபிக்க வேண்டியிருக்காது.

11. இந்த மனுவை எழுத ஏன் ஐம்பது நாள் ஆயிற்று என்று தாங்கள் கேட்கலாம். உண்மையைச் சொன்னால் கிடங்கின் உரிமம் போய்விடும் என்று முதலாளி பயந்தார். அதைவிட, லோடிங் மேஸ்திரி வந்து வாசலில் நின்றார். "அக்கா, செத்தவருக்கு மரியாதை வேணும், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா உசுரோட இருக்கற முப்பத்தஞ்சு குடும்பத்துக்கு அடுப்பு எரியணும். நீங்க எழுதற ஒரு காகிதத்துல எல்லாம் அணைஞ்சிரும்" என்றார். அவர் என் கணவரின் சிநேகிதர். பாடை தூக்கியவர். அவர் போனதும், எழுதியதைக் கிழித்துப் போட்டேன்.

போன வாரம் அதே மேஸ்திரி மறுபடி வந்தார். இப்போது மெஷினை அவர்தான் பார்க்கிறார். என் கணவரிடம் ஓரளவு கற்றவர் அவர் ஒருவர்தான். முகத்தில் ரத்தம் இல்லை. "அக்கா, நேத்து சம்பளப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டேன். என் பேருக்கு நேரா லோடிங்னு போட்டிருக்கு. சுவத்துல மொதலாளி சான்றிதழ். உள்ள உக்காந்திருக்கறது நான். ஏதாவது ஆச்சுன்னா நானும் திருடன் மாதிரி உள்ள பூந்தவன்தானா?" என்று கேட்டார். பிறகு அவரே, "எழுதுங்கக்கா. மொதக் கையெழுத்து என்னுது" என்றார். அவரோடு இருபத்தாறு பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்துத் தந்திருக்கிறார்கள். தனித்தாளில் இணைத்துள்ளேன்.

12. ஒருவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றி எழுதுவது முறையில்லை என்பதால் இந்த மனுவை முதலாளியிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். முதலில் இரண்டு பெண்களை அவர் தூக்கி வந்தார் என்று எழுதியிருந்தேன்; அப்படித்தான் பத்திரத்தில் இருந்தது. அந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். "ஒருத்தரைத்தாம்மா தூக்கினேன். இன்னொரு அம்மா தானா நடந்து வந்தாங்க. அதைத் திருத்திக்கங்க" என்றார். திருத்தினேன். கையெழுத்துக் கேட்டபோது பேனாவை வாங்கினார், கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார், திருப்பிக் கொடுத்தார். ஆனால் அனுப்பாதே என்று சொல்லவில்லை.

13. ஆகவே ஐயா அவர்களிடம் நான் பணிந்து கேட்டுக்கொள்வது:

அறிக்கையின் அந்த மூன்று வரிகளை நீக்க வேண்டும். அந்த இடத்தில் இப்படி எழுதினால் போதும்: "இந்தக் கிடங்கின் குளிர் இயந்திரத்தைப் பதினாறு ஆண்டுகள் இயக்கியவர் இவர். கசிவின்போது அனைவரையும் வெளியேற்றி, வாயுவைத் தொட்டிக்குள் அடைத்து, இயந்திரத்தை உரிய நேரத்தில் நிறுத்தியபின் இறந்தார்." இதைவிட ஒரு சொல் அதிகமாகவும் வேண்டாம். வீரர் என்றெல்லாம் எழுத வேண்டாம். இழப்பீடு இந்த வரிகளின்படி எதுவோ அது வரட்டும். இரக்கப்பட்டு எதுவும் வேண்டாம்.

கிடங்கை மூட வேண்டாம். மாறாக, வேலை தெரிந்தவரை மெஷினின் முன்னால் நிறுத்தி, ஓட்டிக் காட்டச் சொல்லி, சரியாக ஓட்டினால் அதற்கே சான்றிதழ் தர வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் மேலிடத்துக்கு எழுத வேண்டும். யார் எந்த வேலை செய்கிறாரோ அந்த வேலையின் பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும், அந்தப் பெயருக்கு உரிய சம்பளமும் ஏற வேண்டும். முகமூடிகள் ஆள் கணக்கில் வேண்டும்.

இதில் எது தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது, எது உட்படாதது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவரை எழுதிவிட்டேன். தாமதம் ஆனாலும் நான் காத்திருப்பேன். எனக்கு இனி அவசரம் என்று ஒன்றும் இல்லை. அவசரம் மேஸ்திரிக்குத்தான். தினமும் காலை ஆறு மணிக்கு அவர் அந்த அறைக் கதவைத் திறக்கிறார். தங்கள் பதில் வந்து சேரும்வரை அவரும் அனுமதியின்றி நுழைகிறவர்தான்.

பணிவுடன்,
(கையெழுத்து)
இயந்திர இயக்குநரின் மனைவி

இடம்: என் வீடு
நாள்: விபத்து நடந்த ஐம்பத்திரண்டாம் நாள், திங்கட்கிழமை

இணைப்பு: அறிக்கையின் நான்காம் பக்க நகல், கிடங்குத் தொழிலாளர்கள் இருபத்தேழு பேரின் கையெழுத்தும் கைநாட்டும், மெஷின் கம்பெனி மெக்கானிக் தன் கைப்பட எழுதித் தந்த ஒரு பக்கம்.